இரண்டாம் முறை எழுதுகோல் எடுத்தவர்கள்

தேர்வு முடிவு வெளியாகும் நாளில், பட்டியலில் தம் எண்ணைத் தேடிக் காணாமல் திரும்புகிறவரின் மௌனத்தை நம்மில் பலரும் நம் இல்லங்களிலேயே கண்டிருப்போம். பள்ளி மாணவனாயின் தாய் தேற்றுவாள். ‘அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்’ என்று அண்டை வீட்டார் ஆறுதல் சொல்லிச் செல்வர். ஆனால், பல ஆண்டுகள் நோயாளிகளின் கட்டிலருகே நின்று பணி செய்தவர், ஊசி போட்டும் புண் கழுவியும் இறுதி மூச்சு வாங்குவோரின் கையைப் பற்றியிருந்தும் பழகியவர், ‘நீர் இன்னும் செவிலியர் அல்லர்’ என்று ஒரு தாளால் அறிவிக்கப்படும்போது அவருக்கு நேர்வது என்ன? மறுநாள் அவர் மீண்டும் புத்தகத்தைத் திறக்கும்போது உண்மையில் எதைப் படிக்கத் தொடங்குகிறார்?

இக்கேள்விகளுக்கு விடை தேடி வரலாற்றின் பக்கம் நாம் திரும்பினால், செவிலியர் உரிமத் தேர்வின் கதை வெற்றி பெற்றவர்களின் கதை மட்டுமன்று என்பது விளங்கும். தோற்றவர்களும் அக்கதையை எழுதியிருக்கிறார்கள். சில வேளைகளில் அவர்கள் தேர்வையே திருத்தியும் இருக்கிறார்கள்.

வாயில் எழுந்த கதை

செவிலியருக்குத் தேர்வும் பதிவும் வேண்டுமா என்ற வினா எழுந்த காலத்தில், ‘வேண்டாம்’ என்று உரத்துச் சொன்னவர்களுள் ஒருவர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் என்றால் நம்மில் சிலர் வியப்புறுவர். இக்காலச் செவிலியப் பணியின் தாய் எனப் போற்றப்படுபவர், அப்பணிக்கான அரசுப் பதிவேட்டை எதிர்த்தார். அவருடைய அச்சம் எளிதில் தள்ளக்கூடியதன்று. ஒரு நல்ல செவிலியரின் பொறுமையையும் விழிப்பையும் ஒழுக்கத்தையும் எழுத்துத் தேர்வு அளக்குமா? ஒரு முறை பெயர் பதிந்துவிட்டால் வாழ்நாள் முழுவதும் அவர் நல்ல செவிலியராகவே இருப்பார் என்பதற்கு உறுதி உண்டா? இவையே அவருடைய ஐயங்கள்.

மறுபக்கத்தில் நின்றவர் எதெல் பெட்ஃபோர்டு ஃபென்விக். லண்டனில் உள்ள புனித பர்த்தலோமேயு மருத்துவமனையில் தலைமைச் செவிலியராக இருந்த அவர், 1887ஆம் ஆண்டு பிரித்தானியச் செவிலியர் சங்கத்தைத் தோற்றுவிப்பதில் முன்னின்றார். அன்றைய நிலையில், பயிற்சி பெற்றவரும் பெறாதவரும் ஒரே சீருடை அணிந்து ஒரே பெயரால் அழைக்கப்பட்டனர். நோயாளியின் படுக்கையருகே நிற்பவர் யார் என்பதை அறியும் வழி அவர் குடும்பத்தாருக்கு இருக்கவில்லை. நோயாளியைக் காக்கவும் செவிலியரின் மதிப்பைக் காக்கவும் ஒரு வாயில் வேண்டும் என்பது ஃபென்விக் அம்மையாரின் வாதம்.

வாயில் முதலில் எழுந்தது இங்கிலாந்தில் அன்று. 1901ஆம் ஆண்டு நியூசிலாந்து செவிலியர் பதிவுக்கென்றே தனிச் சட்டம் இயற்றிற்று. அடுத்த ஆண்டு சனவரியில் எலன் டவர்ட்டி என்பவர் அப்பதிவேட்டின் முதல் பெயரானார். அமெரிக்காவில் 1903ஆம் ஆண்டு வட கரோலினா மாநிலம் முதலடி எடுத்து வைத்தது. இங்கிலாந்தில் முதல் உலகப் போர் முடிந்த பின்னரே, 1919ஆம் ஆண்டில் சட்டம் வந்தது. 1921இல் திறக்கப்பட்ட பதிவேட்டில் முதல் எண் ஃபென்விக் அம்மையாருக்குக் கிடைத்தது. ஆனால், அரசுத் தேர்வு நடைமுறைக்கு வந்ததோ 1925ஆம் ஆண்டில். முன்பே பணியில் இருந்தோர் தம் அனுபவத்தைச் சான்றாகக் காட்டிப் பதிவு பெற்றனர். தேர்வுக்காகப் போராடி வென்ற அம்மையாரும் அத்தேர்வை எழுத வேண்டியிருக்கவில்லை.

அனுபவமும் ஒரு தகுதிச் சான்றே என்று அன்று சட்டமே ஒப்புக்கொண்டது என்பதை நாம் நினைவில் வைப்போம். பின்னர் வந்த தலைமுறைகளுக்கு, அதிலும் கடல் கடந்து சென்றவர்களுக்கு, அந்தச் சலுகை வாய்க்கவில்லை.

கடல் கடந்தவர்களின் முதல் தோல்வி

அமெரிக்காவின் மாநிலங்கள் தொடக்கத்தில் தத்தமக்கென வினாத்தாள் வகுத்துக்கொண்டிருந்தன. இரண்டாம் உலகப் போரின் நெருக்கடியில் செவிலியர் விரைந்து தேவைப்பட்டபோது, 1944ஆம் ஆண்டு ஒரு பொது வினாத்தாள் முறை பிறந்தது. பின்னாளில் பொது மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை நலம், மனநலம் என ஐந்து துறைகளிலும் தனித்தனியே தேர்ச்சி பெற வேண்டியிருந்தது.

1965ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்திற்குப் பின் ஆசிய நாடுகளிலிருந்து, குறிப்பாகப் பிலிப்பைன்சிலிருந்து, ஆயிரக்கணக்கான செவிலியர் அமெரிக்கா சென்றனர். தம் நாட்டில் பட்டமும் உரிமமும் பெற்றிருந்த அவர்களுள் பெரும்பாலோர் இந்தத் தேர்வில் தவறினர். தவறியவர் உடனே ஊர் திரும்பவும் முடியாது. பயணத்திற்கு வாங்கிய கடன் ஒருபுறம், அவருடைய ஊதியத்தை நம்பியிருந்த குடும்பம் மறுபுறம். எனவே உதவியாளர் என்ற பெயரில் குறைந்த கூலிக்குப் பணியில் நீடித்தனர். உரிமம் இல்லாதவருக்குச் செவிலியருக்குரிய பொறுப்புகளை ஒப்படைத்து, உதவியாளருக்குரிய ஊதியம் மட்டும் கொடுத்த நிர்வாகங்களும் இருந்தன என்பது பதிவான செய்தி.

1970களில் இத்துயரம் பொதுவெளிக்கு வந்தது. பிலிப்பைன்ஸ் செவிலியர் அமைப்பாகத் திரண்டு, தேர்வு தங்களை அளக்கும் முறை நேர்மையானதா என்று வினவினர். 1977ஆம் ஆண்டு, வெளிநாட்டில் பயின்ற செவிலியருக்கென ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. தாய்நாட்டை விட்டுப் புறப்படும் முன்னரே முன்தேர்வு ஒன்றை எழுதித் தம் வாய்ப்பை அறிந்துகொள்ளும் வழி அதனால் பிறந்தது. இதை ஒரு வடிகட்டி என்று குறை கூறியோரும் உண்டு. ஆயினும், கடன் வாங்கிக் கடல் கடந்தபின் அந்நிய மண்ணில் தோற்பதைக் காட்டிலும், சொந்த ஊரில் இருந்தபடியே தம் குறையை அறிந்துகொள்வது மேல் என்று எண்ணியோரும் உண்டு.

எண்பத்திரண்டு பேரும் ஒரு சுழியமும்

இதே வரலாறு இன்னும் தெளிவாக, இன்னும் கூர்மையாக நிகழ்ந்த இடம் ஜப்பான். மக்கள்தொகையில் முதியோரின் பங்கு பெருகிக்கொண்டே வந்த அந்நாடு, இந்தோனேசியாவுடன் செய்துகொண்ட பொருளாதார ஒப்பந்தத்தின்கீழ் 2008ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் அணியை வரவேற்றது. அதில் செவிலியர் 104 பேர். தம் நாட்டில் உரிமமும் குறைந்தது இரண்டு ஆண்டுப் பணி அனுபவமும் உடையவர்கள். 2009ஆம் ஆண்டு மே மாதம் பிலிப்பைன்ஸ் செவிலியர் வந்து சேர்ந்தனர். அவர்களிடம் மூன்று ஆண்டு அனுபவம் கேட்கப்பட்டது.

ஒப்பந்தத்தின் விதி எளியது, ஆனால் கடியது. ஆறு மாதம் ஜப்பானிய மொழிப் பயிற்சி. அதன்பின் ஒரு மருத்துவமனையில் உதவியாளராகப் பணி. மூன்று ஆண்டுகளுக்குள், ஆண்டுக்கு ஒரு முறை பிப்ரவரியில் நடக்கும் தேசியத் தேர்வில், ஜப்பானியச் செவிலியர் எழுதும் அதே தாளை, அதே மொழியில் எழுதித் தேற வேண்டும். தேறினால் செவிலியராக நீடிக்கலாம். மூன்று முறையும் தவறினால் நாடு திரும்ப வேண்டும். ஜப்பானியச் செவிலியர் சங்கம் இவ்விதியில் உறுதியாக நின்றது. ஜப்பானிய உரிமம் பெற்றிருக்க வேண்டும். நோயாளியோடு பேசப் போதிய மொழியறிவு வேண்டும். ஊதியமும் ஜப்பானியருக்கு இணையாக வேண்டும் என்பன அதன் நிபந்தனைகள். கடைசி நிபந்தனையைக் காணும்போது, அது வெறும் கதவடைப்பு அன்று என்பதையும் நாம் ஏற்க வேண்டும். அமெரிக்காவில் முன்பு நிகழ்ந்தது போல, மலிவான கூலிக்குச் செவிலியத்தை வாங்கும் வழியை அது அடைத்தது.

2009ஆம் ஆண்டுத் தேர்வை 82 இந்தோனேசியச் செவிலியர் எழுதினர். தேறியவர் ஒருவரும் இலர். அந்நாட்டிற்கு வந்து ஆறு மாதமே ஆகியிருந்த அவர்களுக்கு இது வியப்பன்று. ஆனால் 2010ஆம் ஆண்டு 254 பேர் எழுதியபோதும் தேறியவர் 3 பேரே: இந்தோனேசியர் இருவர், பிலிப்பைன்சைச் சேர்ந்தவர் ஒருவர். அதே தேர்வில் ஒட்டுமொத்தத் தேர்ச்சி பத்துக்கு ஒன்பது என்ற அளவில் இருந்தது. இந்த இரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் ஜப்பானிய நாளேடுகளும் நாடாளுமன்றமும் ஒரு கேள்வியை எழுப்பலாயின: தோற்றது யார்? எழுதியவர்களா, எழுதச் சொன்னவர்களா?

இரண்டு எழுத்துகள்

அந்தக் கேள்விக்கு விடையாக ஒரு சொல் அந்நாட்டில் புகழ்பெற்றது. நீண்ட நாள் படுத்தே கிடக்கும் நோயாளியின் முதுகிலும் இடுப்பிலும் குதிகாலிலும் உண்டாகும் படுக்கைப் புண்ணை ஜப்பானிய மருத்துவ நூல்கள் ‘ஜோகுசோ’ என்கின்றன. அதை எழுதப் பயன்படும் இரண்டு சித்திர எழுத்துகள், படித்த ஜப்பானியருக்கே எளிதில் வசப்படாதவை. மக்கள் பேச்சிலோ அதற்குத் ‘தோகோசுரே’ என்று எளிய பெயர் உண்டு.

இதன் பொருளை நாம் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். படுக்கைப் புண் என்றால் என்னவென்று அறியாத செவிலியர் உலகில் எங்கும் இல்லை. இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பதும், தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பதும், ஈரம் தங்காமல் துடைப்பதும் செவிலியப் பயிற்சியின் அரிச்சுவடி. ஜகார்த்தாவிலோ மணிலாவிலோ நூறு முறை அப்புண்ணை ஆற்றிய ஒருவர், தேர்வுக் கூடத்தில் அந்த இரண்டு எழுத்துகளைக் கண்டு திகைத்து நின்றார். வினா அவருடைய கைகள் அறிந்த ஒன்றைப் பற்றியது. அவருடைய கண்களோ அதை அடையாளம் காணவில்லை.

மொழி மட்டுமே தடையாக இருந்தது என்று சொல்லிவிடவும் முடியாது. இளையோர் மிகுந்த நாடுகளில், தொற்றுநோயும் பேறுகாலமும் விபத்துமாகப் பணியாற்றியவர்கள் அவர்கள். ஜப்பானியத் தேர்வோ முதுமையையும் மறதி நோயையும் விழுங்க இயலாமையையும் பற்றி வினவிற்று. 2000ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த முதியோர் பராமரிப்புக் காப்பீடு போன்ற அந்நாட்டுச் சட்டங்களையும் கேட்டது. ஒரு மருத்துவமனையிலேனும் அந்த முறைமைக்குள் பணியாற்றாதவருக்கு இவை வெறும் சொற்களாகவே இருக்கும்.

தேர்வின் அமைப்பிலும் ஒரு கண்டிப்பு உண்டு. மொத்தம் 240 வினாக்கள். காலையில் ஒரு பகுதி, மாலையில் ஒரு பகுதி. அவற்றுள் 50 வினாக்கள் கட்டாய அடிப்படைப் பகுதி. அதில் நூற்றுக்கு எண்பது பெறாதவர், மற்றவற்றில் எவ்வளவு சிறப்பாக எழுதியிருந்தாலும் தேறியவர் ஆகார்.

இத்தகைய தேர்வுக்கு அவர்கள் எவ்வாறு ஆயத்தம் செய்தனர்? பகலில் உதவியாளர் பணி: உணவு ஊட்டல், உடல் துடைத்தல், படுக்கை மாற்றல். தம் ஊரில் ஊசி போட்டவர்கள் இங்கே ஊசியைத் தொடவும் அனுமதி பெறாதவர்கள். ஆண்டுக்கணக்கில் கற்ற கைத்திறன் பயன்படாமல் மங்கிப்போகிறதே என்ற கவலை அவர்களை அரித்தது. சில மருத்துவமனைகள் பணி நேரத்திலேயே படிப்புக்கு நேரம் ஒதுக்கி, மூத்த செவிலியரை ஆசிரியராக அமர்த்தின. வேறு சிலவற்றில், பணி முடித்துக் களைத்துத் திரும்பியபின் விடுதி அறையில் தனியே அமர்ந்து சித்திர எழுத்துகளை நூறு நூறு முறை எழுதிப் பழகுவதே படிப்பாயிற்று. ஒரே ஒப்பந்தம், ஒரே தேர்வு; ஆனால் எந்த மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார் என்பது ஒருவருடைய ஊழைப் பெரிதும் தீர்மானித்தது.

தேர்வும் திருந்தியது

2010ஆம் ஆண்டில் ஜப்பானியச் சுகாதார அமைச்சகம் வல்லுநர் குழு ஒன்றை அமைத்துத் தேர்வின் சொற்களை ஆராயச் செய்தது. குழுவின் முன் இருந்த சிக்கலை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. சொற்களை எளிமையாக்கினால், நாளை மருத்துவர் எழுதும் குறிப்பையும் சக பணியாளர் விட்டுச்செல்லும் பதிவேட்டையும் படிக்க இயலாத ஒருவர் உரிமம் பெற்றுவிடலாம். அப்போது ஆபத்து நோயாளிக்கு. சொற்களை அப்படியே விட்டால், நல்ல செவிலியர் பலர் வாயிலுக்கு வெளியே நிற்பர். அப்போதும் இழப்பு நோயாளிக்கே.

குழு இரண்டுக்கும் இடையே ஒரு பாதை கண்டது. மருத்துவக் கலைச்சொற்கள் நீடித்தன. ஆனால் கடினமான எழுத்துகளின் மேல் அவற்றின் ஒலிப்பைக் காட்டும் சிறு அசையெழுத்துகள் அச்சிடப்பட்டன. நோய்ப் பெயர்களுக்கு அருகே ஆங்கிலப் பெயர் இடம்பெற்றது. இருபொருள் படும் சுற்றுவழிச் சொற்றொடர்கள் நேராக்கப்பட்டன. மருத்துவ அறிவின் அளவுகோலைக் குறைக்காமல், மொழியின் முட்களை மட்டும் களைய முயன்ற ஏற்பாடு இது. பின்னர் 2013ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து, ஒப்பந்தத்தின்கீழ் வந்தோருக்கு எல்லாச் சித்திர எழுத்துகளுக்கும் ஒலிப்புக் குறி தரப்பட்டது, நேரமும் 1.3 மடங்காக நீட்டப்பட்டது.

திருத்தப்பட்ட முதல் தாள் 2011ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்தது. அது அந்நாட்டின் 100ஆவது செவிலியர் தேர்வு. முதல் அணியினருக்கோ அது மூன்றாவதும் இறுதியுமான வாய்ப்பு. முடிவுக்காக அவர்கள் காத்திருந்த நாள்களில்தான், மார்ச் 11 அன்று பெரும் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் ஜப்பானின் வடகிழக்கைச் சிதைத்தன. அதே நாளில் அந்நாட்டு அமைச்சரவை வேறொரு முடிவையும் எடுத்திருந்தது. முதல் இரு ஆண்டுகளில் வந்தோருள், தேறாவிடினும் குறிப்பிட்ட அளவு மதிப்பெண் பெற்றவர்கள் மேலும் ஓராண்டு தங்கி இன்னொரு முறை தேர்வு எழுதலாம் என்பதே அம்முடிவு. பேரழிவின் இரைச்சலில் இந்தச் சிறு செய்தி அதிகம் கவனிக்கப்படவில்லை. அறைக்குள் பெட்டியைக் கட்டலாமா, புத்தகத்தைத் திறக்கலாமா என்று தவித்திருந்த சிலருக்கு அதைவிடப் பெரிய செய்தி இருந்திருக்காது.

மார்ச் 25 அன்று முடிவு வெளியாயிற்று. எழுதியவர் 398 பேர். தேறியவர் 16 பேர்.

நான்காம் முறை

ஒரு முறை தோற்பதும், இரண்டாம் முறை தோற்பதும், இறுதி வாய்ப்பு என்று எண்ணிய மூன்றாம் முறையும் தோற்பதும் ஒன்றல்ல. முதல் தோல்விக்குக் காரணம் சொல்லலாம்: நாள் போதவில்லை, மொழி வரவில்லை. மூன்றாம் தோல்விக்குப் பின் மனிதர் தம்மையே ஐயுறத் தொடங்குகிறார். அந்நிலையில் பலர் நாடு திரும்பினர். அவர்களை நாம் குறை கூற இயலாது. ஊரில் பிள்ளைகளும் முதிர்ந்த பெற்றோரும் காத்திருந்தனர். திரும்பியவர்களிலும் சிலர் புத்தகத்தை மூடவில்லை. ஊரில் இருந்தபடியே படித்து, குறுகிய காலப் பயணமாக ஜப்பான் வந்து தேர்வு எழுதும் வழி அவர்களுக்குத் திறந்திருந்தது.

தங்கியிருந்தவர்கள் 2012ஆம் ஆண்டு பிப்ரவரியில் நான்காம் முறையாகத் தேர்வுக் கூடத்தில் அமர்ந்தனர். அந்த ஆண்டு ஒப்பந்தத்தின்கீழ் எழுதியவர் மொத்தம் 415 பேர். தேறியவர் 47 பேர். நூற்றுக்குப் பதினொன்று. ஆனால் தங்கும் காலம் நீட்டிக்கப்பெற்ற 27 பேரில் 8 பேர் தேறினர். நூற்றுக்கு ஏறக்குறைய முப்பது. அந்தக் கூடுதல் ஓராண்டு கிடைக்காதிருந்தால், அந்த எட்டுப் பேரும் ‘தகுதியற்றவர்’ என்ற பெயரோடு ஊர் திரும்பியிருப்பர்.

அதே வேளையில் மற்ற 19 பேரையும் நாம் மறத்தல் ஆகாது. அவர்களும் அதே விளக்கொளியில் அதே எழுத்துகளைப் பயின்றவர்களே. விடாமுயற்சி எப்போதும் வெற்றியில் முடியும் என்று வரலாறு நமக்கு உறுதி சொல்லவில்லை. அடுத்த ஆண்டும், 2013இல், 311 பேர் எழுதித் தேறியவர் 30 பேர். மொழியின் முட்கள் களையப்பட்ட பின்னும் பாதை செங்குத்தாகவே இருந்தது. 2014ஆம் ஆண்டு முதல் வியட்நாமிலிருந்து வந்தோருக்கு, புறப்படும் முன்னரே ஓராண்டு மொழிப் பயிற்சியும் மொழித் தேர்வில் இடைநிலைத் தேர்ச்சியும் கட்டாயமாக்கப்பட்டன. அவர்களுடைய தேர்ச்சி விகிதம் முன்னோரைவிடத் தெளிவாக உயர்ந்திருந்தது. முதல் அணியினர் தம் தோல்வியால் கண்டுபிடித்துக் கொடுத்த பாடம் அது. அதன் பயனைப் பெற்றவர்கள் பின்னால் வந்தவர்கள்.

மீண்டும் படிப்பது என்றால் என்ன?

இந்த வரலாறு தொலைவில் உள்ளதன்று. நம் ஊர்களிலிருந்து அயல்நாடு செல்ல விழையும் செவிலியர் பலர் எழுதும் அமெரிக்க உரிமத் தேர்வும் இவ்வழியில் வந்ததே. 1982ஆம் ஆண்டு இன்றைய பெயரைப் பெற்ற அத்தேர்வு, ஆண்டுக்கு இரு முறை தாளில் எழுதப்பட்டு வந்தது; தவறியவர் அடுத்த தேர்வுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1994ஆம் ஆண்டு அது கணினிக்கு மாறியது. எழுதுபவரின் விடைக்கேற்ப அடுத்த வினாவின் கடுமையைக் கணினி கூட்டியும் குறைத்தும் தருகிறது. அவருடைய திறன் வரம்புக்கு மேலா கீழா என்று உறுதிப்பட்டதும் தேர்வு நின்றுவிடுகிறது. 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் வந்த மாற்றத்திற்குப் பின், குறைந்தது 85 வினாக்கள், மிகுந்தால் 150 வினாக்கள். தவறியவர் பொதுவாக 45 நாள்கள் கடந்த பின்னரே மீண்டும் எழுதலாம்.

அந்த நாற்பத்தைந்து நாள்களில் என்ன செய்வது? தவறியவருக்கு ஓர் அறிக்கை அனுப்பப்படுகிறது. ஒவ்வொரு பகுதியிலும் அவர் வரம்புக்கு மேலே இருந்தாரா, அருகில் இருந்தாரா, கீழே இருந்தாரா என்பதை அது சொல்லும். பலர் அதை வருத்தத்தோடு மடித்து வைத்துவிடுவர். ஆனால் மீண்டும் படிப்பவருக்கு அதைவிடப் பயனுள்ள பக்கம் வேறொன்றில்லை. இத்தேர்வில் மீண்டும் எழுதுவோரின் தேர்ச்சி விகிதம், முதன்முறை எழுதுவோரின் விகிதத்தைவிட ஆண்டுதோறும் மிகக் குறைவாகவே இருந்து வருகிறது. ஒரே நூலை முன்னிலும் வேகமாக ஒப்பிப்பதோ, விழித்திருக்கும் மணிகளைக் கூட்டுவதோ மட்டும் போதாது என்பதே இதிலிருந்து நாம் பெறும் எச்சரிக்கை.

ஜப்பானில் தேறியவர்களின் வழியும் இதையே காட்டுகிறது. எந்த வாயிலில் விழுந்தோம் என்று முதலில் அறிய வேண்டும். கட்டாயப் பகுதியின் ஐம்பது வினாக்களிலா? மொழியிலா? அந்நாட்டின் சட்டத்திலா? முதியோரைப் பேணும் முறையிலா? அறியாமை ஒரு வகை, அறிந்ததை அடையாளம் காணாமை வேறு வகை, அறிந்தும் பதற்றத்தில் தவறவிடுவது மூன்றாம் வகை. மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு. நோயின் பெயர் அறியாமல் மருந்து கொடுக்கலாகாது என்பதை நோயாளியின் விஷயத்தில் நன்கறிந்த செவிலியர்கள், தம் விஷயத்தில் மட்டும் அதை மறந்துவிடுவது ஏன்? துயரம் நம் கண்ணை மறைத்துவிடுகிறது என்பதே விடையாக இருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. தனியே படித்தவரைக் காட்டிலும், பணி நேரத்தில் ஒரு மணியை ஒதுக்கித் தந்த மருத்துவமனையில், அருகே அமர்ந்து ஒரு சொல்லை விளக்கிய மூத்த செவிலியரோடு படித்தவருக்கு வழி எளிதாயிற்று என்று கண்டோம். எனவே, மீண்டும் எழுதுகிறவரின் ஆயத்தத்தில் அவரைச் சூழ்ந்திருப்போருக்கும் ஒரு பங்கு உண்டு. ‘இன்னுமா படிக்கிறாய்?’ என்று கேட்பதும் நாம்தான். ‘இன்றைய சமையலை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய்ப் படி’ என்று சொல்லக்கூடியவர்களும் நாம்தான்.

நைட்டிங்கேல் அம்மையாரின் ஐயத்திற்கு நூறாண்டுகளுக்கு மேலாகியும் முழு விடை கிடைக்கவில்லை. ஒரு தேர்வு இரக்கத்தை அளக்காது, பொறுமையையும் அளக்காது. ஃபென்விக் அம்மையாரின் வாதமும் தோற்கவில்லை. மருந்தின் அளவைத் தவறாகப் படிக்கும் இரக்கம் நோயாளியைக் காப்பாற்றாது. வாயில் இருக்கத்தான் வேண்டும். ஆனால், வாயிலைக் கட்டியவர்கள் அதன் உயரத்தை அவ்வப்போது அளந்து பார்க்கவும் கடமைப்பட்டவர்கள். 2009ஆம் ஆண்டின் அந்தச் சுழியம் அவர்களை அளக்க வைத்தது.

இன்று ஏதோ ஒரு விடுதி அறையில், மடித்து வைத்த அறிக்கையை மீண்டும் விரித்துப் பார்க்கிற செவிலியர் ஒருவர் இருப்பார். நாளை அவர் தேறலாம், தேறாமலும் போகலாம். எதுவாயினும், நேற்றுவரை அவர் புரட்டிப் படுக்க வைத்த நோயாளிகளின் முதுகில் புண் வராமல் இருந்தது. அதை எந்தத் தாளும் இல்லை என்று ஆக்கிவிட முடியாது. அந்த நினைவோடு அவர் புத்தகத்தைத் திறக்கட்டும்.